எல்லைக் கால்வாயும் எரிபொருள் வரியும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தென்கோடியிலிருந்த அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவற்றை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலையும் செங்கலும் காரோடும் குளத்தூரும் கேரள ஊராட்சிகள். ஒரு சாலையைக் கடந்தால் களியக்காவிளை, இன்னொரு தோப்பைக் கடந்தால் கொல்லங்கோடு, கடற்கரையில் பொழியூரைத் தாண்டினால் நீரோடி. இருபுறமும் மலையாளமும் தமிழும் பேசப்படுகின்றன. இருபுறத்தாரும் ஒரே சந்தைகளுக்குச் செல்கின்றனர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றனர். ஆயினும் ஒரு பொருளின் விலை மட்டும் எல்லைக்கல்லைக் கண்டதும் மாறிவிடுகிறது. அது பெட்ரோலும் டீசலும் ஆகும்.

சாலையில் செல்லும் வாகனங்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நீரில் செல்லும் படகுகளைப் பற்றி எழுதியவர் குறைவு. பூவாற்றில் நெய்யாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் உல்லாசப் படகுகள் பல ஓடுகின்றன. அலையாத்திக் காடுகளின் ஊடே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இப்படகுகளே கரையோரக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரம். இதே பூவாற்றிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் மாநில எல்லையைக் கடந்து குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பகுதியை அடைகிறது. திருவிதாங்கூர் அரசு 1860ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கால்வாய், அனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியே இணைக்க எண்ணி வெட்டப்பட்டது, எண்ணியபடி முற்றுப்பெறவில்லை. பல இடங்களில் தூர்ந்தும் கிடக்கிறது. எனினும் 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம், பூவாறு கடற்கரை முதல் இரையுமன்துறை வரையிலான ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரத்தை 13ஆம் தேசிய நீர்வழியாக அறிவித்தது. சட்டப் புத்தகத்தில் இது ஒரே நீர்வழி. வரிப் புத்தகத்தில் இரண்டு.

வரியின் அமைப்பு

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பெட்ரோலியப் பொருள்கள் இரண்டு இடங்களில் வருகின்றன. மத்தியப் பட்டியலின் 84ஆம் இனத்தின்படி கலால் வரியை மத்திய அரசு விதிக்கிறது. மாநிலப் பட்டியலின் 54ஆம் இனத்தின்படி விற்பனை வரியை மாநில அரசு விதிக்கிறது. 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தம் சரக்கு மற்றும் சேவை வரியைக் கொண்டுவந்தபோது, கச்சா எண்ணெய், பெட்ரோல், அதிவேக டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தும் உடனடியாக அதன் வலைக்குள் கொண்டுவரப்படவில்லை. எந்த நாள் முதல் கொண்டுவருவது என்பதை வரி மன்றம் பரிந்துரைக்க வேண்டும் என்று 279ஏ உறுப்பு கூறுகிறது. கேரள உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கொன்றின் பின்னணியில் இக்கேள்வி 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய மன்றத்தின் முன் வந்தது. அதற்கான காலம் கனியவில்லை என்று மன்றம் முடிவு செய்தது. பெரும்பாலான மறைமுக வரிகள் மன்றத்தின் கைக்குப் போய்விட்ட பின், தாமே விகிதத்தை உயர்த்தவும் குறைக்கவும் கூடிய பெரிய வருவாய் இனங்களாக மாநிலங்களுக்கு எஞ்சியவை எரிபொருளும் மதுவுமே. எனவே எந்த மாநிலமும் இவ்வுரிமையை எளிதில் விட்டுக்கொடுக்க முன்வராததில் வியப்பில்லை.

மத்தியக் கலால் வரி நாடு முழுவதும் ஒன்றே. எல்லையில் விலை மாறுவதற்கு அது நேரடிக் காரணம் அன்று. ஆனால் மறைமுகமாக எவ்வாறு காரணமாகிறது என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

கேரளத்தில் பெட்ரோலுக்கு 30.08 விழுக்காடும் டீசலுக்கு 22.76 விழுக்காடும் விற்பனை வரி. இதனுடன் லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் விற்பனை வரியும், வரித்தொகையின் மீது 1 விழுக்காடு மேல்வரியும் உண்டு. 2023 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களுக்கென லிட்டருக்கு 2 ரூபாய் மேல்வரி அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2020 மே மாதம் வரை அங்கும் முழு விழுக்காட்டு முறையே. பெட்ரோலுக்கு 34, டீசலுக்கு 25. பெருந்தொற்றின்போது கச்சா எண்ணெய் விலை சரிந்து வருவாயும் சரியும் நிலை வந்ததால், விழுக்காட்டைக் குறைத்து, லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை சேர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டபின், பெட்ரோலுக்கு 13 விழுக்காடும் 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 விழுக்காடும் 9 ரூபாய் 62 காசும் என்ற அமைப்பு ஏற்பட்டது.

ஒரு கணக்கு

வாசகர்கள் இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கலால் வரியும் விற்பனையாளர் கழிவும் உட்பட, மாநில வரிக்கு முந்தைய விலை லிட்டருக்கு 75 ரூபாய் என்று கொள்வோம். இது எடுத்துக்காட்டு எண்ணே தவிர ஏதோ ஒரு நாளின் விலை அன்று. பெட்ரோலுக்குக் கேரளத்தில் விற்பனை வரி 22 ரூபாய் 56 காசு. கூடுதல் வரி 1 ரூபாய். இவற்றின் மீது மேல்வரி 24 காசு. ஓய்வூதிய மேல்வரி 2 ரூபாய். ஆக 25 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டில் 13 விழுக்காடு 9 ரூபாய் 75 காசு. அதனுடன் 11 ரூபாய் 52 காசு. ஆக 21 ரூபாய் 27 காசு. வேறுபாடு 4 ரூபாய் 53 காசு. டீசலுக்கு இதே போல் கணக்கிட்டால் கேரளத்தில் 20 ரூபாய் 25 காசு, தமிழ்நாட்டில் 17 ரூபாய் 87 காசு. வேறுபாடு 2 ரூபாய் 38 காசு.

இவ்வேறுபாடு நிலையானதன்று என்பதே இதில் கற்க வேண்டிய பாடம். அடிப்படை விலை ஏற ஏறக் கேரளத்தின் வரி விரைவாக ஏறும்; இறங்கினால் விரைவாக இறங்கும். தமிழ்நாட்டின் வரி மெல்ல நகரும். அடிப்படை விலை 49 ரூபாயளவிற்கு இறங்குமாயின் பெட்ரோலுக்கு இரு மாநில வரிகளும் சமமாகிவிடும். அதற்கும் கீழே சென்றால் களியக்காவிளைக்காரர் பாறசாலைக்கு வந்து நிரப்புவது இலாபகரமாகும். டீசலுக்கு அந்தச் சமநிலைப் புள்ளி ஏறத்தாழ 55 ரூபாய்.

மத்தியக் கலால் வரி மறைமுகமாக இவ்வேறுபாட்டில் நுழைவது இவ்வழியேதான். 2022 மே 22 அன்று கலால் வரி பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைக்கப்பட்டது. மாநில வரி கலால் வரியையும் உட்கொண்ட விலையின் மீது கணக்கிடப்படுவதால், கேரளத்தில் பெட்ரோல் மீதான விற்பனை வரி தானாகவே 2 ரூபாய் 41 காசு இறங்கியது. தமிழ்நாட்டில் 1 ரூபாய் 4 காசே இறங்கியது. இரு மாநில அரசுகளும் விகிதத்தில் எதையும் மாற்றாமலேயே எல்லையின் விலை இடைவெளி 1 ரூபாய்க்கு மேல் சுருங்கியது. 2025 ஏப்ரலில் கலால் வரி 2 ரூபாய் உயர்த்தப்பட்டபோது அடிப்படை எண்ணெய் விலை இறங்கியிருந்ததால் சில்லறை விலை உயர்த்தப்படவில்லை. ஆகவே எல்லையிலும் அசைவில்லை. வரி விதிப்பவர் ஒருவர், அதன் விளைவை எல்லையோர வணிகர் மற்றொருவர் சுமக்கும் நிலை கூட்டாட்சியில் எழுவது இயல்பே. ஆயினும் அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

எல்லையில் நிகழ்வது

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் சென்று இருசக்கர வாகனத்தில் பெட்ரோல் நிரப்பிவரும் ஒருவர் எந்தச் சட்டத்தையும் மீறுவதில்லை. விற்பனை நிகழ்ந்த இடம் தமிழ்நாடு, வரி தமிழ்நாட்டிற்குரியது. தன் எல்லைக்கு வெளியே நிகழும் விற்பனையின் மீது எந்த மாநிலமும் வரி விதிக்கலாகாது என்று அரசியலமைப்பின் 286ஆம் உறுப்பு கூறுகிறது. விற்பனையின் காரணமாகவே சரக்கு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயருமானால்தான் அது 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி மாநிலங்களிடை விற்பனையாகும். தொட்டியில் நிரப்பிக்கொண்டு தன் வீட்டிற்குத் திரும்புபவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

படகுக்காரரின் நிலை வேறு. அவர் படகைப் பெட்ரோல் நிலையத்திற்கு ஓட்டிச் செல்ல இயலாது. எரிபொருள் கேன்களில் வருகிறது. ஒரு படகிற்கு ஆண்டில் 2,000 லிட்டர் பெட்ரோல் வேண்டும் என்று கொண்டால், மேற்சொன்ன கணக்கின்படி 9,060 ரூபாய் மிச்சம். பயணிகள் வரவு மழைக்காலத்தில் குறைந்துவிடும் தொழிலில் இது சிறு தொகையன்று. எனவே எல்லை கடந்து கேன்களில் வாங்கிவரும் ஆசை எழுகிறது. இங்கே குறுக்கிடுவது வரிச் சட்டம் அன்று, 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். பெட்ரோல் போன்ற முதல் வகுப்பு எண்ணெயை, விற்பனைக்கல்லாமல், உரிமமின்றி எடுத்துச் செல்லவும் வைத்திருக்கவும் மொத்தம் 30 லிட்டர்தான் அனுமதி. உலோகக் கலமாயின் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படலாகாது. இரண்டாம் வகுப்பைச் சார்ந்த டீசலுக்கு எல்லை மிகத் தாராளம்: 2,500 லிட்டர் வரை. காரணம் தெளிவு. பெட்ரோலின் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும், டீசல் அவ்வாறன்று. ஓலைக் கூரையும் அடுப்பும் அருகருகே இருக்கும் படகுத்துறையில் நான்கு ரூபாய் மிச்சத்திற்காகக் கேன்களை அடுக்கி வைப்பது, வரியைவிட விலையுயர்ந்த சேமிப்பு.

மீன்பிடிப் படகுகளின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்நாடு அரசு பதிவுபெற்ற மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்களித்த டீசலை வழங்கி வருகிறது. விசைப்படகிற்கு ஆண்டிற்கு 18,000 லிட்டராகவும் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகிற்கு 4,000 லிட்டராகவும் இருந்த அளவை முறையே 19,000 லிட்டராகவும் 4,400 லிட்டராகவும் உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் வெளியிடப்பட்டது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் இந்தியாவின் தலைசிறந்த சுறா, சூரை மீன் பிடிப்பவர்களுள் வைத்து எண்ணப்படுபவர். இவர்களுடைய படகுகளில் பல கொச்சித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு இயங்குகின்றன. தமிழ்நாடு தன் வரியைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். கொச்சியில் வாங்கும் டீசலின் மீதுள்ள கேரள வரியை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. ஆகவே ஒரே ஊரைச் சேர்ந்த இரு படகுகளுள், தேங்காய்ப்பட்டணத்தில் நிரப்புவதற்குச் சலுகை உண்டு, கொச்சியில் நிரப்புவதற்கு அச்சலுகை எட்டாது. எல்லைக்கு வடக்கே பொழியூர் மீனவர் வெளிப்புற இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயை நம்புபவர். அவர்களுக்கான உதவி கேரளத்தின் மத்ஸ்யஃபெட் வாயிலாக வேறொரு வழியில் வருகிறது. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே மீன். மூன்று விதமான எரிபொருள் விலை.

அயல்நாடுகளின் அனுபவம்

உல்லாசப் படகுகள் எல்லை கடக்கும்போது எழும் வரிச் சிக்கலை ஐரோப்பா நீண்டகாலமாகச் சந்தித்து வருகிறது. அதை அறிந்துகொள்வது நம் கால்வாயைப் பற்றிச் சிந்திக்க உதவும். எரிபொருளுக்கு வரி விதிக்கையில் மூன்று கேள்விகள் உள்ளன: எங்கே வாங்கப்பட்டது, எங்கே எரிக்கப்பட்டது, எதற்காக எரிக்கப்பட்டது. நம் மாநில வரி முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பாவில் மூன்றாவது கேள்வியே பெருந்தொல்லை கொடுத்தது.

பிரிட்டனில் வேளாண்மை முதலிய பணிகளுக்கான டீசலுக்குக் குறைந்த வரி. அதைச் சாலை வாகனங்கள் பயன்படுத்தாதிருக்கச் சிவப்புச் சாயம் கலப்பர். நம் நாட்டில் பொது விநியோக மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலப்பது போன்றது இது. 2022 மார்ச் வரை சாதாரண டீசலுக்கு லிட்டருக்கு 57.95 பென்ஸ், சிவப்பு டீசலுக்கு 11.14 பென்ஸ் வரி இருந்ததைப் பார்த்தால் சாயத்தின் மதிப்பு விளங்கும். உல்லாசப் படகுகளுக்கும் கரையில் கிடைத்தது சிவப்பு டீசலே. ஆனால் 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய எரிசக்தி வரி ஆணை, மீன்பிடிப்பு உட்பட்ட கடல் வணிகத்திற்கு விலக்களித்து, தனியார் உல்லாசப் படகுகளை அவ்விலக்கிலிருந்து வெளியே நிறுத்தியது. பிரிட்டன் பெற்றிருந்த சிறப்பு அனுமதி முடிந்தபின், 2008 நவம்பர் முதல் அங்கு ஒரு நடுவழி கையாளப்பட்டது: படகுக்காரர் சிவப்பு டீசலையே வாங்குவார், அதில் எவ்வளவு படகை ஓட்டுவதற்கு, எவ்வளவு வெப்பமூட்டவும் விளக்கெரிக்கவும் என்று எழுதிக் கொடுப்பார், ஓட்டுவதற்கான பங்கிற்கு முழு வரி செலுத்துவார். பொதுவாக 60 விழுக்காடு ஓட்டத்திற்கு, 40 விழுக்காடு வீட்டுப் பயனுக்கு என்ற பிரிப்பு ஏற்கப்பட்டது.

உள்நாட்டில் இது தடையின்றி நடந்தது. கடலைக் கடந்து பெல்ஜியத்தின் நியூபோர்ட் போன்ற துறைகளை அடைந்த பிரிட்டிஷ் படகுகளின் தொட்டியில் சிவப்பு நிறத்தைக் கண்ட சுங்க அலுவலர்கள் அபராதம் விதித்தனர். வரி செலுத்தியாயிற்று என்று படகுக்காரர் ரசீதைக் காட்டினார். நிறம் இருக்கிறதே என்றார் அலுவலர். இருவர் கூற்றும் உண்மையே. 2018 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், வரி முழுதும் செலுத்தப்பட வேண்டிய எரிபொருளில் குறைந்த வரிக்கான அடையாளச் சாயம் இருத்தலாகாது என்று பிரிட்டனுக்கும் அயர்லாந்திற்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் வட அயர்லாந்தில் 2021 அக்டோபர் முதல் உல்லாசப் படகுகளைச் சிவப்பு டீசலில் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. பிரிட்டனின் ஏனைய பகுதிகளில் பழைய நடுவழி தொடர்ந்தது. சாயத்தை வரிக்குச் சான்றாக்கியவர்கள், ரசீதைச் சான்றாக ஏற்க மறுத்ததே இத்தகராறின் வேர் என்பது என் கருத்து.

தொட்டியிலுள்ள எண்ணெய்க்கு வரி கேட்கலாகாது என்ற கொள்கை உலகிற்குப் புதிதன்று. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்திலேயே இருக்கும் எரிபொருளைச் சுங்கத் தீர்வையிலிருந்து விலக்கியது. 1954ஆம் ஆண்டின் நியூயார்க் சுங்க உடன்படிக்கை, தனியார் சாலை வாகனங்களின் வழக்கமான தொட்டிகளில் வரும் எரிபொருளுக்கு அதே சலுகையைத் தந்தது.

நம் சட்டத்தின் நிலை

நமது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. அதன் 2(21) பிரிவு வெளிநாடு செல்லும் கலத்தை விரிவாக வரையறுக்கிறது: இந்தியாவிற்கும் வெளிநாட்டிற்குமிடையே சரக்கும் பயணிகளும் ஏற்றும் கலம் மட்டுமன்று, நம் ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன் பிடிக்கும் கலமும், எந்த நோக்கத்திற்காயினும் இந்தியாவிற்கு வெளியே உள்ள இடத்திற்குச் செல்லும் கலமும் அதில் அடங்கும். எனவே ஓர் உல்லாசப் படகு கொச்சியிலிருந்து மாலத்தீவிற்கோ இலங்கைக்கோ புறப்பட்டால் அதுவும் வெளிநாடு செல்லும் கலமே. 87ஆம் பிரிவின்படி, அந்நிலையில் இருக்கும் வரை கலத்திலுள்ள இறக்குமதிச் சேமிப்புகளைத் தீர்வையின்றிப் பயன்படுத்தலாம். அதே கலம் கடலோரப் பயணத்திற்கு மாறுமானால் எஞ்சிய எண்ணெய்க்குத் தீர்வை கேட்கப்படும். 2025 மே 2 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம், பூவாற்றுக்கு வடக்கே அண்மையில்தான் உள்ளது. அங்கு வரும் பெருங்கப்பல்களுக்கு இவ்விதிகள் அன்றாட நடைமுறை.

பூவாற்றுப் படகிற்கோ இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. அது பன்னாட்டு எல்லையைத் தொடுவதில்லை. மாநில எல்லையைத் தொடுகிறது. பன்னாட்டுக் கடற்பயணத்திற்குத் தெளிவான விதிகள் இருக்க, 11 கிலோமீட்டர்க் கால்வாய்க்கு வெறும் விலை வேறுபாடே விதியாக நிற்பது விந்தையே. பதிவுத் துறையில் இக்குறை நீங்கத் தொடங்கியுள்ளது: 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு நாடெங்கும் செல்லும், முன்போல் மாநிலத்திற்கு மாநிலம் தனி அனுமதி தேவையில்லை. படகு தடையின்றிக் கடக்கும். எண்ணெய் வாங்கும் இடம்தான் கேள்வி.

இரு மாநிலங்களும் விகிதத்தை ஒன்றாக்க வேண்டும் என்று கூறுவது எளிது; நடப்பதரிது. கேரளத்தின் 2 ரூபாய் மேல்வரியின் பின்னே முதியோரின் ஓய்வூதியம் நிற்கிறது. தமிழ்நாட்டின் நிலையான தொகையின் பின்னே விலைச் சரிவின் அச்சம் நிற்கிறது. இரண்டும் நியாயமானவை. இயலக்கூடியவை சிறியவை. பூவாற்றுத் துறையிலேயே, உரிமம் பெற்ற, பாதுகாப்பான ஒரு சிறு எரிபொருள் நிலையம் அமைந்தால் கேன் போக்குவரத்தின் பெரும்பகுதி குறையும். படகுக்காரர் சில ரூபாய் அதிகம் கொடுக்கவும் தயங்கார், ஏனெனில் எல்லைக்குச் சென்றுவரும் நேரமும் கூலியும் மிஞ்சும். மீன்பிடிப் படகைப் பொறுத்தவரை, வரி விலக்கு விற்பனை நிலையத்தோடு பிணைந்திருக்கும் வரை வேற்று மாநிலத் துறைமுகத்தில் அது செல்லாது. படகின் பதிவோடும் ரசீதோடும் பிணைத்து, செலுத்திய வரிக்கு ஈடான தொகையைச் சொந்த மாநிலம் வங்கிக் கணக்கில் திருப்பியளித்தால், கொச்சியில் நிரப்பிய தூத்தூர்ப் படகிற்கும் அது கிட்டும். ஆண்டு அளவு ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருப்பதால் செலவிற்கும் உச்சவரம்பு உண்டு. போலி ரசீதுகள் வரும் என்ற ஐயம் எழலாம். கடலுக்குச் சென்ற நாள்களும் இறக்கிய மீனின் அளவும் துறைமுகப் பதிவேட்டில் இருப்பதால் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமன்று.

13ஆம் நீர்வழியில் தூர் வாரும் பணி என்று நடந்தாலும், அதன் திட்ட அறிக்கையில் ஆழமும் அகலமும் பாலங்களின் உயரமும் இடம்பெறும். எரிபொருள் நிரப்பும் துறை எல்லையின் எப்பக்கம் அமையும், அதன் விற்பனை வரி எம்மாநிலத்திற்குச் சேரும் என்பதையும் அவ்வறிக்கையிலேயே இரு மாநில வரித்துறைகளும் கையெழுத்திட்டு முடிவு செய்துவிடுவது நலம். படகுகள் ஓடத் தொடங்கிய பின் அதைப் பேசித் தீர்ப்பது எளிதாயிராது.